யார் செய்த பாவம்?



நோய் ஒரு வீட்டிற்குள் நுழையும்போது ஒரு கேள்வியும் கூடவே நுழைந்துவிடுகிறது. “யார் செய்த பாவமோ, இந்தப் பிள்ளை இப்படிப் படுத்துக் கிடக்கிறது” என்று பாட்டி பெருமூச்சு விடுகிறாள். “போன பிறவியில் நான் என்ன பாவம் செய்தேனோ” என்று தாய் தனக்குள் புலம்புகிறாள். பார்க்க வந்த உறவினர் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு நோயாளியைப் பார்க்கும் அவருடைய பார்வையில் அதே கேள்வி இருக்கிறது. வார்டுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான். மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்விதழை வாசிப்போரில் பல சமயத்தாரும் உள்ளீர்கள். உங்கள் நம்பிக்கை எதுவாயினும், இக்கேள்வியின் பாரத்தை நீங்கள் அறிவீர்கள். பாவம், பலி, இரட்சிப்பு என்னும் மூன்று சொற்களும் ஆலயத்தின் பிரசங்க மேடையில் மட்டும் ஒலிப்பதற்கு உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். நோயாளியின் கட்டிலருகே அச்சொற்களுக்கு என்ன பொருள் உண்டு என்பதையே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம். அதற்கான சான்றைத் தொலைதூரத்தில் தேட வேண்டியதில்லை. நம் கள்ளக்குறிச்சியே அக்கேள்வியை நாடு முழுவதும் கேட்கும்படி எழுப்பியிருக்கிறது.

கருணாபுரத்தில் நடந்தது

2024-ஆம் ஆண்டு ஜூன் 18, 19 ஆகிய நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றுவலியோடும், வாந்தியோடும், மங்கிய பார்வையோடும் மருத்துவமனைகளுக்குத் தூக்கிவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு திசைகளிலும் ஆம்புலன்சுகள் ஓடின. 200-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். தாய், தந்தை இருவரையும் ஒரே சமயத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு.

அந்தத் துயரம் ஆறுவதற்குள் ஊரெங்கும் வேறொரு பேச்சு கிளம்பியது. “குடித்தான், செத்தான், இதற்கு ஏன் இரக்கம்?” என்றனர் பலர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் தகுமா என்ற வாதம் தேநீர்க் கடை முதல் நீதிமன்றம் வரை சென்றது. வேறு சிலர் மலையை நோக்கிக் கைநீட்டினர். கல்வராயன் மலையில் சாராய ஊறல் போடுவோர்தாம் எல்லாவற்றுக்கும் காரணம் என்றனர். ஆனால் அந்த நாள்களில் உயிரைக் குடித்தது, தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அது மலைமேல் விளைவதுமில்லை, அடுப்பில் வைத்து அங்கே காய்ச்சப்படுவதுமில்லை. வாங்கியவர், கடத்தியவர், கலந்தவர், விற்றவர், கண்டும் காணாதிருந்தவர் எனப் பல கைகளைத் தாண்டித்தான் அது கருணாபுரத்தின் பொட்டலங்களுக்கு வந்து சேர்ந்தது. அக்கைகளை அடையாளம் காணும் பொறுப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் சிபிஐ வசம் ஒப்படைத்தது.

யார் செய்த பாவம் என்ற கேள்விக்கு எளிய விடை கிடைத்துவிட்டால் மனிதமனம் அமைதியடைகிறது. இறந்தவனைச் சுட்டிவிட்டால் இருப்பவர் தப்பித்துக்கொள்ளலாம். இந்த அமைதி நல்ல அமைதிதானா?

கோபுரம் விழுந்த நாள்

இதே கேள்வியை இயேசுவிடமும் கேட்டார்கள். அவர் ஒருமுறையன்று, இருமுறை மறுமொழி கூறியதை நற்செய்தி நூல்கள் பதிவு செய்துள்ளன.

எருசலேமில் சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டுபோனார்கள். லூக்கா எழுதிய நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு அதைக் குறிப்பிடுகிறார். அவ்வூரில் வாழ்ந்த மற்றவர்களைவிட அந்தப் பதினெட்டுப் பேரும் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று மக்களிடம் கேட்டு, அப்படியல்ல என்று தாமே உறுதியாக விடை கூறுகிறார். அதோடு நிறுத்தாமல், செத்தவர்களின் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் வழியைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று உயிரோடிருப்பவர்கள் பக்கம் கேள்வியைத் திருப்புகிறார்.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைச் சீடர்கள் காண்கின்றனர். இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டியின் கேள்விக்கும் அதற்கும் ஓர் எழுத்துக்கூட வேறுபாடில்லை. இருவரும் காரணமில்லை என்கிறார் இயேசு. சீடர்களுக்கு அந்த மனிதன் விவாதப்பொருளாக இருந்தான். இயேசுவோ குனிந்து, மண்ணைக் குழைத்து, அவன் கண்களில் பூசினார். பழி யாருடையது என்ற ஆராய்ச்சி முடியும்வரை அவர் சிகிச்சையைத் தள்ளிப்போடவில்லை.

இதனால் பாவம் என்பதே இல்லை என்று கிறிஸ்தவம் கூறுவதாக எண்ண வேண்டாம். பாவம் உண்டு; அது கொடியது. மெத்தனாலைச் சாராயமென்று விற்றவன் செய்தது பாவம். உழைத்த கூலியைக் குடியில் அழித்துப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதும் பாவம். ஏழையின் சாவை ஏளனம் செய்வதும் பாவமே. ஆனால் நோயைத் தராசாக்கி ஒருவருடைய பாவத்தை நிறுக்க முடியாது. நல்லவருக்கும் புற்றுநோய் வருகிறது. பச்சிளங்குழந்தைக்கும் இருதயத்தில் துளை இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து, கடவுள் உன்னைத் தண்டித்துவிட்டார் என்று சொல்லும் உரிமையை இயேசு யாருக்கும் கொடுக்கவில்லை.

ஒளிந்துகொள்ளும் மனிதன்

அப்படியானால் பாவம் மனிதனுக்கு என்ன செய்கிறது? வேதாகமத்தின் முதல் நூல் அதற்கு ஒரு சித்திரத்தைத் தருகிறது. விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் ஏவாளும் தோட்டத்து மரங்களுக்கிடையே ஒளிந்துகொண்டார்கள். கடவுள் அவர்களைத் தேடி வந்து முதலில் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்பதே. ஏன் செய்தாய் என்பது பிறகு வந்த கேள்வி.

பாவத்தின் முதல் விளைவு ஒளிதல் என்பதை மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். மார்பில் கட்டியைக் கண்ட பெண், யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சேலைக்குள் மறைத்துவைக்கிறாள். காசநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதென்று குடும்பம் இருமலை மூடிவைக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் ஊர் மாறி, பெயர் மாற்றி மருந்து வாங்குகிறார். பூச்சிமருந்தைக் குடித்தவரை, பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கொண்டுவருகிறார்கள். வெட்கமும் பயமும் நோயைவிட விரைவாக உயிரைக் கொண்டுபோகின்றன.

மெத்தனால் நஞ்சில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மெத்தனால் உடலுக்குள் போனவுடன் தன் முழு வேலையைக் காட்டுவதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அது பின்னர் பார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலமே இரத்தத்தில் சேர்ந்து பார்வை நரம்பை எரிக்கிறது, மூச்சைத் திணறவைக்கிறது, மூளையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 12 முதல் 24 மணிநேரம் கழித்தே பனிமூட்டம் போன்ற பார்வை மங்கலும், கடும் வயிற்றுவலியும், வாந்தியும் தோன்றும். மற்றச் சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் உயிரையும் பார்வையையும் காக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. “போலீஸ் பிடிக்கும்”, “ஊர் சிரிக்கும்”, “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டில் படுத்திருப்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். என்ன குடித்தீர்கள்? எப்போது? எவ்வளவு? கூடக் குடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கண் தெரிகிறதா? இவை விசாரணை மன்றத்தின் கேள்விகளல்ல. எங்கே இருக்கிறாய் என்ற அந்தப் பழைய கேள்வியின் மறுவடிவங்கள். நீங்கள் மறைக்காமல் சொல்லும் ஒவ்வொரு விடையும் உயிரைக் காக்கும் கருவியாகிறது. பாவ அறிக்கை என்று திருச்சபை சொல்வதும் இத்தகையதே. கடவுளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதற்காக நாம் அறிக்கை செய்வதில்லை. ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வருவதற்காகச் செய்கிறோம்.

பலிகடா

ஒளிய முடியாதவன் வேறொன்றைச் செய்கிறான். தன் பழியை மற்றொருவர் தலையில் ஏற்றுகிறான். ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள். ‘பலிகடா ஆக்கிவிட்டார்கள்’ என்று நம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல்லுக்கு நேரான ஒரு சடங்கு கூறப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியர் ஓர் ஆட்டுக்கடாவின் தலைமேல் கைகளை வைத்து, மக்கள் அனைவரின் குற்றங்களையும் அதன்மேல் அறிக்கையிடுவார். பின்பு அது ஆளில்லா வனாந்தரத்திற்கு ஓட்டிவிடப்படும். ஊர் தூய்மையாகிவிட்டதாக மக்கள் நிம்மதியடைவார்கள்.

சடங்கு மறைந்துவிட்டது, பழக்கம் மறையவில்லை. ஊரின் குற்றங்களை ஏற்றி அனுப்புவதற்கு வனாந்தரமும் கடாவும் எப்போதும் கிடைத்துவிடுகின்றன. கல்வராயன் மலையின் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகைக்குக் கீழ் வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கடந்த பின்னரே அரசு நிர்வாகம் அவர்களை முழுமையாக எட்டியது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அதன்பின்பும் மெல்லத்தான் மலையேறின. அவர்களைப் பற்றிச் சமவெளியில் இருப்போருக்கு நினைவு வருவது, சாராய வழக்கு ஒன்று செய்தியாகும்போதுதான். 2024 துயரத்திற்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்துக்கொண்டபோது, மலையைக் குற்றவாளியாக மட்டும் பார்த்த கண்கள் அதைக் காயம்பட்டவராகவும் பார்க்க நேர்ந்தது.

பலரது நன்மைக்காக ஒருவர் பலியாகும் கதை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. உளுந்தூர்பேட்டைக்கு அருகேயுள்ள கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் அரவானின் களப்பலி நினைவுகூரப்படுகிறது. பாரதப்போரில் பாண்டவர் வெல்லும் பொருட்டுத் தன்னைத் தந்தவன் அவன். அவனுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் தாலியறுத்து வெள்ளைச்சேலை உடுத்தி அழும் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு, பலி என்பது வெறும் சொல் இல்லையென்று தெரியும். பலியானவனுக்காக அழ ஒருவர் வேண்டும் என்பதையும் கூவாகம் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு நம்பிக்கையை மற்றொன்றோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு சொல்வது எங்கள் நோக்கமன்று. சிலுவையைப் பற்றிப் பேசும்போது, பலியின் வேதனையை அறிந்த மண்ணில் நின்று பேசுகிறோம் என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறோம்.

நகருக்கு வெளியே நின்ற சிலுவை

இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடம் எருசலேம் நகரின் மதிலுக்கு வெளியே இருந்தது. எபிரேய மக்களின் பேச்சில் கொல்கொதா. அதன் பொருள் மண்டையோடு. இலத்தீன் வழியாக வந்த கல்வாரி என்ற பெயருக்கும் அதுவே பொருள். கல்வாரி, கல்வராயன் என்னும் பெயர்கள் காதில் நெருங்கி ஒலித்தாலும் அவற்றிற்கிடையே சொல்லுறவு ஏதுமில்லை. ஆனால் பொருளுறவு ஒன்று உண்டு. ஊர் தன் பழியை எங்கே தள்ளிவிடுமோ, அந்த ஓரத்தில்தான் சிலுவை நின்றது.

ஒரு மனிதன் மக்களுக்காகச் சாவது நலம் என்று அன்றைய பிரதான ஆசாரியர் காய்பா கணக்கிட்டதாக யோவான் எழுதுகிறார். அது பலிகடா தேடும் அரசியல். அந்தக் கணக்கில் சிக்கிய இயேசுவோ, தம்மேல் சுமத்தப்பட்ட பழியை வேறொருவர் தலைக்கு மாற்றவில்லை. அறைந்தவர்களுக்காகவே மன்னிப்பு வேண்டினார். கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்த பழி அவரிடம் வந்து நின்றுவிட்டது. அதனால்தான் அவருடைய சாவைக் கடைசிப் பலி என்று திருச்சபை அறிக்கையிடுகிறது. கோபங்கொண்ட கடவுள் ஓர் அப்பாவியை அடித்துத் தம் கோபத்தைத் தணித்துக்கொண்டார் என்று சிலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. கடவுள் எங்கோ உயரத்தில் அமர்ந்து பலி கேட்கவில்லை. கிறிஸ்துவில் அவரே பாதிக்கப்பட்டவரின் இடத்திற்கு இறங்கி வந்தார் என்கிறது.

ஒருவர் மற்றொருவரின் இடத்தில் நிற்பது எப்படி உயிர்காக்கும் என்று கேட்பவர்களுக்கு மருத்துவத்திலிருந்தே ஓர் ஒப்புமை தரலாம். மெத்தனாலை அமிலமாக்கும் நொதியைப் பற்றி மேலே கூறினோம். போமிபிசோல் என்னும் மாற்றுமருந்து செய்யும் வேலை என்ன? மெத்தனால் போய் உட்கார வேண்டிய அந்த நொதியின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. இடம் கிடைக்காத மெத்தனால் நஞ்சாக மாற வழியின்றி, சிறுநீர் வழியாகவும் டயாலிசிஸ் வழியாகவும் மெல்ல வெளியேறிவிடுகிறது. மருத்துவமனையில் எத்தனாலும் இதே முறையில் அளவறிந்து தரப்படுவதுண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே மேலும் மது கொடுப்பது ஆபத்து. அது மருத்துவர் இரத்தப் பரிசோதனையோடு செய்ய வேண்டியது. எந்த ஒப்புமையும் முழுமையானதன்று. மருந்துக்கு வலி தெரியாது. சிலுவையில் இருந்தவருக்குத் தெரிந்தது. ஆயினும், நஞ்சு வந்து வேலை செய்யும் இடத்தில் வேறொன்று வந்து நிற்பதால் உயிர் பிழைக்கிறது என்ற உண்மையை உடலிலே கண்டவர்கள், அவர் நம் இடத்தில் நின்றார் என்ற திருச்சபையின் சொல்லை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அந்தக் கள்வனுக்கு நேரமில்லை

“டாக்டர், எனக்கு வந்தது யார் செய்த பாவமும் இல்லை, நானே செய்ததுதான்” என்று சொல்பவர்களும் உண்டு. குடியால் கல்லீரல் சுருங்கியவர், புகையால் நுரையீரல் கெட்டவர், சர்க்கரையைப் பொருட்படுத்தாமல் காலை இழந்தவர் இப்படிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. அவர்களிடம் உங்கள்மேல் தவறே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம்.

அவர்களுக்காகச் சிலுவையின் அருகே மற்றொரு சிலுவை நிற்கிறது. அதில் தொங்கிய கள்வன், தனக்குக் கிடைத்தது தன் செயலுக்கு உரிய கூலிதான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். பின்பு இயேசுவிடம், உம்முடைய ஆட்சியில் என்னை மறந்துவிடாதேயும் என்பதுபோல ஒரேயொரு வேண்டுதல் வைத்தான். அவன் கையிலிருந்து ஆணியைப் பிடுங்க முடியாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. நல்ல மனிதனாக வாழ்ந்துகாட்ட ஒரு நாளும் மிச்சமில்லை. ஆயினும் அன்றைக்கே தம்மோடு இருப்பான் என்ற உறுதி அவனுக்குக் கிடைத்தது. இரட்சிப்பு உழைத்துச் சேர்த்துக் கட்ட வேண்டிய கட்டணமாக இருந்திருந்தால், அவன் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டிருப்பான்.

மன்னிப்பு கிடைத்ததும் உடல்நோய் மறைந்துவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சுருங்கிய கல்லீரல் சுருங்கியதுதான். ஆனால் மன்னிக்கப்பட்டவர் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால் சிகிச்சைக்கு ஒத்துழைக்க முடிகிறது. குடிப்பழக்கம் மன உறுதி இல்லாதவர்களின் குறை மட்டுமன்று, மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடும் நோய் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்; ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். பெயரைச் சொல்லத் தயக்கமிருந்தால் பிரச்சினையை மட்டும் சொல்லுங்கள்.

துணையிருப்பவர்களுக்கு ஒரு சொல்

கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்களிடமும் பேச வேண்டும். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு அமர்ந்திருக்கும் மனைவியே, வேலைக்குச் செல்லாமல் பத்து நாளாகக் கேன்டீன் கஞ்சியில் காலந்தள்ளும் மகனே, உங்கள் தியாகத்தை நாங்கள் பார்க்கிறோம். அதன் அடியில் சில சமயம் ஒரு முள் கிடப்பதையும் பார்க்கிறோம். “நேற்றே அழைத்து வந்திருந்தால்”, “அன்றைக்குச் சண்டை போடாமல் இருந்திருந்தால்”, “பணத்தைப் பார்க்காமல் பெரிய ஊருக்குக் கொண்டுபோயிருந்தால்” என்னும் எண்ணங்களே அந்த முள். அதற்குப் பரிகாரமாகவே சிலர் உண்ணாமலும் உறங்காமலும் தங்களை வருத்திக்கொள்கிறார்கள்.

கடைசிப் பலி ஒன்று நிறைவேறிவிட்டது என்ற கிறிஸ்தவ அறிக்கைக்கு இங்கே மிக எளிய, நடைமுறையான பொருள் உண்டு. நீங்கள் இரண்டாவது பலியாக வேண்டியதில்லை. உங்கள் உடலைக் கெடுத்து, நோயாளியின் நோய்க்கு விலை செலுத்த முடியாது. அந்த விலையை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நேரத்திற்கு உண்ணுங்கள். உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரவுக் காவலை அண்ணன் தம்பியோ மைத்துனியோ பங்கிட்டுக்கொள்ளட்டும். அன்பினால் செய்யும் தியாகம் நெடுந்தூரம் நடக்கும். குற்ற உணர்வினால் செய்யும் தியாகம் சில நாள்களில் இரண்டாவது நோயாளியை உருவாக்கிவிடும்.

நெடுந்தூரம் நடக்கும் தியாகத்திற்கு நம் மலையின் மறுபக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே குடியேறினார்கள். அப்போது அப்பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓர் ஆண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. ஓலை வேய்ந்த குடிசையில் மருத்துவமனை தொடங்கியது. அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் நலப் பணியாளராகவும் ஆனார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. இது யாரும் உயிரைக் கொடுத்த கதையன்று. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்த கதை. மலைமக்கள் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று கீழேயிருந்து பழி சொல்லாமல், அவர்கள் இருந்த இடத்திற்குச் சென்று அவர்களோடு தங்கிய கதை. அதற்குச் சமயப் பெயர் எதுவும் சூட்ட வேண்டியதில்லை. சிலுவையைத் தியானிப்பவர்கள் அதன் சாயலை அங்கே அடையாளம் காண்பார்கள்.

காப்பாற்றுதல் என்னும் சொல்

அவசரப் பிரிவின் வாசலில் கைகூப்பி நிற்பவர்கள் “எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லும் அதே சொல்லைத்தான் கடவுளிடமும் சொல்கிறார்கள். நற்செய்தி நூல்கள் எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இப்படித்தான். நோயிலிருந்து குணமாக்குவதற்கும், பாவத்திலிருந்து இரட்சிப்பதற்கும் அங்கே ஒரே வினைச்சொல் வழங்குகிறது. உடல் வேறு, ஆன்மா வேறு என்று நாம் பிரித்துப் பேசினாலும், ஒருவர் காப்பாற்றப்படுவது முழு மனிதராகவே.

எல்லாரும் பிழைப்பதில்லை; இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நாங்கள் செய்யும் நன்மையாகாது. கருணாபுரத்தில் பிழைத்தவர்களும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் எரியூட்டப்பட்டவர்களும் உண்டு. சிலுவையின் அடியிலும் அதுதான் நிலைமை. அங்கே இயேசுவின் தாயும், வேறு சில பெண்களும், ஒரு சீடரும் நின்றார்கள். அவர்கள் கையில் மருந்தில்லை. ஆணிகளைக் கழற்றும் வல்லமையில்லை. ஓடிப்போகாமல் நிற்பது ஒன்றுதான் அவர்களால் முடிந்தது. அந்த நிலையிலும் இயேசு தம் தாயைச் சீடரின் பொறுப்பிலும், சீடரைத் தாயின் பொறுப்பிலும் ஒப்படைத்தார். தம் வேதனையின் நடுவே அவர் ஒரு வீட்டை ஏற்படுத்தினார். மூன்றாம் நாளில் கல்லறை வெறுமையாயிருந்தது என்ற செய்தி முதலில் எட்டியதும், ஓடிப்போகாமல் நின்ற அப்பெண்களுக்குத்தான். சாவு கடைசிச் சொல் இல்லை என்ற கிறிஸ்தவ நம்பிக்கை அங்கிருந்து தொடங்குகிறது.

ஆகவே, இன்று மாலை உங்கள் கட்டிலருகே வந்து யாரேனும், “யார் செய்த பாவமோ” என்று பெருமூச்சு விட்டால், கோபப்பட வேண்டாம். அவர்களும் பயந்துபோய்த்தான் பேசுகிறார்கள். ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். அரைமணி நேரம் நோயாளியின் கையைப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். அந்நேரத்தில் நீங்கள் போய்க் குளித்துவிட்டு, ஒரு தேநீர் அருந்தி வரலாம். மனத்திற்குள் மறைத்துவைத்த பாரம் ஏதேனும் இருந்தால், அது உடலைப் பற்றியதாயின் மருத்துவரிடமும் செவிலியரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். உள்ளத்தைப் பற்றியதாயின் மருத்துவமனையின் ஆயரை அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர் வருவார். ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டார்.